எண்பது வரைக்கும்

காலை பத்தேமுக்காலுக்கு வந்த அழைப்பில், ஆள் யாரென்று தெரிவதற்கு முன்னால் வண்டி எண்தான் திரையில் விழுந்தது. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் நான் ஒப்பிக்கக்கூடிய எண் அது. வண்டி வாங்கிய அன்று படிவங்களில் அதை ஏழெட்டு இடத்தில் எழுதியவள் நான்தான். அதற்குக் கீழே, வாடிக்கையாளர் என்ற கட்டத்தில் என் கணவரின் பெயர். அதற்கும் கீழே அவர் நிற்கிற சார்ஜிங் ஸ்டேஷன்: எங்கள் ஊருக்கும் அவர் இப்போது இருக்கும் ஊருக்கும் சரியாக நடுவில், நெடுஞ்சாலை ஓரத்தில், அந்தப் பக்கம் அறுபது கிலோமீட்டர், இந்தப் பக்கம் அறுபது கிலோமீட்டர். நான் ஹெட்செட்டைச் சரிசெய்துகொண்டேன். அது சரியாகத்தான் இருந்தது.

“வணக்கம். சார்ஜிங் உதவி மையத்திலிருந்து பதினேழு பேசுகிறேன். சொல்லுங்க சார்.”

எங்கள் மையத்தில் யாரும் பெயர் சொல்லக் கூடாது, இருக்கை எண்தான். வண்டி நின்றுபோன கோபத்தில் யாரோ ஒருவர் பெயரை வைத்துத் தேடிப் பிடித்து, இங்கே வேலை செய்த ஒரு பெண்ணின் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டாராம். அன்றிலிருந்து இந்த ஏற்பாடு. ஐந்து மாதமாக நான் பதினேழு.

“பிளக் போட்டாச்சு மேடம். உள்ளே போயிடுச்சு, டக்குன்னு பூட்டிக்கிட்ட சத்தமும் வந்தது. இணைஞ்சிடுச்சுன்னு காட்டுது, உடனே பிழைன்னு காட்டுது. எதை நம்பறதுன்னே தெரியலை.”

குரல் அப்படியே இருந்தது. வெளியாட்களிடம் அவருக்கு எப்போதுமே நல்ல குரல்தான். வீட்டுக்குள் வந்ததும் அதைச் செருப்போடு சேர்த்துக் கழற்றி வைத்துவிடுவார். எட்டு மாதத்துக்குப் பிறகு என்னோடு பேசுகிறார், அதுவும் அந்த நல்ல குரலில், என்னை மேடம் என்று. சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல், “ஒரு நிமிஷம் சார், பார்க்கறேன்” என்றேன். என்னை அடையாளம் தெரிந்ததா இல்லையா என்பது விளங்கவில்லை. இங்கே என் குரலும் வேறுதான். பயிற்சியில் ஒரு வாரம் அதைத் தேய்த்துத் தேய்த்து மெருகு போட்டார்கள். நான் இந்த வேலைக்குச் சேர்ந்ததை அவரிடம் சொல்லவும் இல்லை.

எட்டு மாதத்துக்கு முன்னால் அவருக்கு வேலை வேறு ஊருக்கு மாறியது. போய் வீடு பார்த்துவிட்டுக் கூப்பிடுகிறேன் என்றார். வீடும் பார்த்துவிட்டார். தரைத்தளம், வண்டி நிறுத்த இடம், சுவரிலேயே பிளக் பாயின்ட், எல்லாம் இருக்கிறது என்று அவருடைய அம்மாவிடம் போனில் சொன்னார். என்னைக் கூப்பிடவில்லை. எப்போது வரட்டும் என்று நானும் கேட்கவில்லை. சண்டை ஒன்றும் கிடையாது. சண்டை என்று ஒன்று இருந்திருந்தால் எங்கே ஆரம்பிப்பது என்றாவது தெரிந்திருக்கும். நீங்கள் பிரிந்துவிட்டீர்களா என்று யாராவது கேட்டால் சத்தியமாக எனக்குப் பதில் தெரியாது. இந்த வேலைக்கான படிவத்தில் திருமணம் பற்றிய கட்டத்தை வெறுமனே விட்டிருந்தேன். அலுவலகத்தில் அவர்களே ‘ஆம்’ என்று டிக் போட்டுக்கொண்டார்கள்.

அவர் போனார், அவருடைய அம்மா என்னோடு தங்கிவிட்டார். அத்தை முப்பது வருஷம் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவர். இன்னும் வார்டு நினைப்புதான். காலை ஐந்தரைக்கு என் நெற்றியில் கை வைத்துப் பார்ப்பார், காய்ச்சல் ஒன்றும் இருக்காது. படுக்கை விரிப்பின் மூலையை உறை மாதிரி மடித்துச் செருகாவிட்டால் அன்றைக்குப் பூரா பேச்சு. மின்விசிறி மூன்றில் ஓடினால் போதும் என்பார், நான் ஐந்து என்பேன், கடைசியில் நாலில் வைத்துவிட்டு இரண்டு பேரும் முணுமுணுத்துக்கொண்டே தூங்கிப்போவோம். எட்டு மாதம் இப்படிப் போனதே தெரியவில்லை. போன செவ்வாய்க்கிழமை அவர் அத்தைக்குப் போன் செய்து, சனிக்கிழமை வந்து கூட்டிப்போகிறேன், மூன்று மாடி ஏறி இறங்கினால் முழங்கால் என்னாவது என்றாராம். என்னையுமா என்று அத்தையிடம் கேட்டேன். “அதை அவன் சொல்லலை, நான் கேட்கலை” என்றார்.

அந்தச் சனிக்கிழமைதான் இன்றைக்கு. சாயங்காலம் நான் போய்க் கதவைத் திறக்கும்போது உள்ளே அத்தை இருப்பாரா, மாட்டாரா? செவ்வாய்க்கிழமையிலிருந்து என் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது இது ஒன்றுதான். காலையில் கிளம்பும்போது கட்டி வைத்த பை கதவருகில் இருந்தது. அத்தை பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு செய்தித்தாளில் குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். போய்வருகிறேன் என்பதா, போய்வாருங்கள் என்பதா என்று புரியாமல், “சாவி ஆணியில இருக்கு” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

“மேடம், இருக்கீங்களா?”

“இருக்கேன் சார். பேட்டரி எவ்வளவு காட்டுது?”

“பன்னெண்டு சதவீதம்.”

“கிளம்பும்போது முழுசா இருந்திருக்குமே சார்.” இந்தக் கேள்வி எங்கள் பட்டியலில் கிடையாது.

“இல்லை மேடம். ராத்திரி போட மறந்துட்டேன். காலையில கொஞ்ச நேரம்தான் ஏறுச்சு.”

கேஸ் குமிழை மூன்று தடவை திருகிப் பார்த்துவிட்டுத்தான் வீட்டைப் பூட்டுவார். அந்த மனுஷன், அம்மாவைக் கூட்டிப்போகக் கிளம்புகிற நாளுக்கு முந்தின ராத்திரி, வண்டிக்குச் சார்ஜ் போட மறந்தாராம். வர மனசில்லாமல் மறந்தாரா, வருவதையே நினைத்துக்கொண்டிருந்து மறந்தாரா? இரண்டையும் மாற்றி மாற்றி யோசித்தேன், இரண்டும் சரியாகத்தான் பட்டது.

பக்கத்து இருக்கைக்காரர் என் பக்கம் சாய்ந்து என் திரையைப் பார்த்தார். அவருக்கு எண் பதினாறு, ஆனால் மையம் முழுக்க அவர் ரீஸ்டார்ட் அண்ணன். எந்த வண்டிக்கு என்ன நோய் வந்தாலும் அவரிடம் ஒரே மருந்துதான். “ரீஸ்டார்ட் பண்ணிடும்மா, சரியாயிடும்” என்று முணுமுணுத்துவிட்டு நிமிர்ந்துகொண்டார்.

விஷயம் இதுதான். நாங்கள் வாங்கியது நாலு வருஷம் ஓடிய பழைய வண்டி. அது வந்த காலத்தில் வண்டிகளில் சார்ஜ் போடுகிற வாய் வேறு மாதிரி இருந்தது. பிறகு எல்லாக் கம்பெனிக்காரர்களும் கூடி உட்கார்ந்து, இனிமேல் எல்லா வண்டிக்கும் ஒரே மாதிரி வாய் என்று தீர்மானித்தார்கள். அந்த ஒரே மாதிரி எங்களுடைய மாதிரி இல்லை. ஸ்டேஷன்களில் பழைய பிளக்குகளை எல்லாம் கழற்றி எடுத்துப் போய்விட்டார்கள். எங்களைப் போன்றவர்களுக்கு நடுவில் அடாப்டர். ஒரு பக்கம் புதிய வாய், மறுபக்கம் பழைய மூக்கு, தூக்கினால் இஸ்திரிப் பெட்டி கனம். இதையெல்லாம் மாட்டினால் பிளக் பொருந்திவிடும். ஆனால் பொருந்துவது வேறு, ஏறுவது வேறு. கரண்ட் வருவதற்கு முன்னால் வண்டியும் மெஷினும் தங்களுக்குள் பேசிக்கொள்ள வேண்டும். நீ யார், எவ்வளவு தாங்குவாய், எப்போது நிறுத்தட்டும் என்று மெஷின் கேட்கும், வண்டி சொல்லும். அந்தப் பேச்சு முடியாமல் ஒரு துளி கரண்டும் வராது. “பத்து பேர்ல ஒன்பது பேர், பிளக்தான் பொருந்திடுச்சே அப்புறம் என்ன கேடுன்னு கேட்பாங்க. அவங்களோட வாதாடாதீங்க” என்று பயிற்சியில் சொன்னார்கள். அதை நோட்டில் எழுதிக்கொண்டபோது எனக்கு எந்த ஞாபகமும் வரவில்லை என்று சொன்னால் பொய்.

இப்படி வருகிறவர்களுக்கு எங்களிடம் ஒரு வரிசை உண்டு. முதலில் பிளக்கைக் கழற்றி மறுபடி போடச் சொல்வோம். அப்புறம் வண்டியைப் பூட்டிவிட்டு இரண்டு நிமிஷம் தள்ளி நிற்கச் சொல்வோம். அப்புறம் இங்கிருந்தே மெஷினை அணைத்து எழுப்புவோம். எதற்கும் மசியாவிட்டால் திரையின் மூலையில் ஒரு பொத்தான்: ‘வண்டி ஒத்துவரவில்லை.’ அதை அழுத்தினால் கதை முடிந்தது. அந்த வண்டியை அந்த ஸ்டேஷன் அன்றைக்கு மறுபடி ஏற்காது. இழுவை வண்டி வந்து, கிளம்பின ஊரிலேயே கொண்டுபோய் விட்டுவிடும்.

முதல் இரண்டையும் செய்யச் சொன்னேன். செய்தார். ஏறவில்லை. ஏறாது என்று எனக்குத் தெரியும். அந்த வண்டிக்கு என்ன கேடு என்று உலகத்திலேயே எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும்.

அதன் வாய் கொஞ்சம் தேய்ந்துபோனது. அதில் அடாப்டரின் கனம், அடாப்டரின் பின்னால் கேபிளின் கனம். பிளக் உள்ளே போய்ப் பூட்டிக்கொண்டாலும் மூக்கு லேசாகக் கீழே சாயும். மயிரிழைதான், ஆனால் அந்த மயிரிழையில் பேச்சு விட்டுப்போகும். அடியில் கையைக் கொடுத்துத் தூக்கிப் பிடித்தால் பேசும், ஏறும். கையை எடுத்தால் நின்றுவிடும். வண்டி வாங்கின புதிதில், சந்தைக்குப் பக்கத்தில் அப்போது இருந்த ஸ்டேஷனில், அவர் திரையில் ஸ்டார்ட்டை அழுத்தி அழுத்திச் சலித்துப்போய் நின்றார். கேபிள் இப்படித் தொங்குகிறதே என்று நான் சும்மா கையைக் கொடுத்தேன். அதே நேரத்தில் அவர் கட்டைவிரலால் இரண்டு தடவை அழுத்தினார். மெஷின் உறுமிக்கொண்டு கிளம்பியது. பரீட்சையில் பாஸான பிள்ளை மாதிரி அவர் திரும்பி என்னைப் பார்த்தார். “பார்த்தியா, ஆள்காட்டி விரலுக்கு எடுக்கலை. கட்டைவிரல், ரெண்டு தடவை. அதான் கணக்கு” என்றார். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு இல்லை என்று எப்படிச் சொல்வது? அடுத்த வாரம் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டேன். அடுத்த வாரம் அவர் கட்டைவிரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டு மெஷின் முன்னால் போய் நின்றார்.

முதல் தடவை சொல்லாததை எத்தனையாவது தடவை சொல்வது? இரண்டு வருஷம், வாரத்துக்கு ஒரு நாள், அரை மணி நேரம் நான் அந்தப் பிளக்கைத் தாங்கிக்கொண்டு நின்றேன். கை கடுத்தால் முழங்காலை மடக்கி முட்டுக்கொடுப்பேன். அவர் வண்டிக்குள் உட்கார்ந்துகொண்டு, உள்ளே வந்து உட்காரேன் என்பார். காற்றாட நிற்கிறேன் என்பேன். வீட்டில் அத்தை, வெளியே வேலை. வாரத்தில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருக்கக் கிடைத்த அரை மணி நேரம் அது ஒன்றுதான். அதில் அவர் கண்ணாடிக்கு உள்ளே, நான் வெளியே. கொஞ்ச நாளில் அவர் கூப்பிடுவதை விட்டுவிட்டார். பிறகு நான் நிற்கிற பக்கம் பார்ப்பதையும் விட்டுவிட்டார். நான் அதைக் கவனித்தேன், ஆனால் கையை எடுத்தால் சார்ஜ் நின்றுவிடுமே என்று நின்றுகொண்டே இருந்தேன்.

திரை மூலையில் அந்தப் பொத்தான் இருந்தது. ஒரே ஒரு அழுத்து. அத்தை இன்றைக்கு எங்கேயும் போக மாட்டார். நாளைக்கு என்ன, நாளை மறுநாள் என்ன என்பதெல்லாம் அப்புறம். என் விரல் அதன் மேலேயே நின்றது. அழுத்தவும் இல்லை, எடுக்கவும் இல்லை.

“சார், மெஷினை இங்கேருந்து ரீஸ்டார்ட் பண்றேன். பத்து நிமிஷம் ஆகும். நானே கூப்பிடறேன்.”

ரீஸ்டார்ட் அண்ணன் திருப்தியாகத் தலையாட்டினார். நான் இடைவேளை அட்டையை மேஜையில் வைத்துவிட்டு நடைபாதைக்குப் போனேன். எங்கள் செல்போன்களை எல்லாம் அங்கேதான் சின்னச் சின்னப் பெட்டிகளில் பூட்டி வைக்க வேண்டும். என்னுடையதை எடுத்து அத்தையைக் கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்தார்.

“என்ன, தலைவலியா?” எந்த நேரத்தில் கூப்பிட்டாலும் அத்தை நோயிலிருந்துதான் ஆரம்பிப்பார்.

“ஒண்ணும் இல்லை அத்தை. உங்களுக்குப் போகணும்னு இருக்கா?”

“பையைக் கட்டியாச்சே.”

“கட்டினது தெரியும். போகணும்னு இருக்கான்னு கேட்டேன்.”

“நீ போகாதேன்னு சொன்னியா?”

“நான் எப்படிச் சொல்றது? உங்க பிள்ளை கூப்பிடறாரு.”

“அப்ப நான் மட்டும் எப்படிச் சொல்றது? உன் புருஷன் கூப்பிடறான்.”

இதற்கு மேல் எந்தப் பக்கம் போவது என்று தெரியவில்லை. அவர் பக்கத்தில் மின்விசிறிச் சத்தம் கேட்டது. ஐந்தில் ஓடுகிற சத்தம்.

“அவன் இப்பத்தான் கூப்பிட்டான்” என்றார் அத்தை. “சார்ஜ் ஏறலையாம். வழியில நிக்கறானாம். யாரோ ஒரு பொண்ணு உதவிக்குப் பேசுதாம், பரவாயில்லை, பொறுமையா பேசுதுன்னு சொன்னான்.”

“அது யாருன்னு நீங்க சொன்னீங்களா?”

“அவன் கேட்கலை. நான் சொல்லலை.”

“நான் இங்க வேலை பார்க்கறது அவருக்குத் தெரியுமா அத்தை?”

“எனக்குத் தெரியும். அவனுக்குத் தெரியுமான்னு எனக்குத் தெரியாது. சரி, ஏறுமா ஏறாதா? அதைச் சொல்லு. காலையிலேருந்து புடவை மாத்திக்கிட்டு உட்கார்ந்திருக்கேன்.”

ஏறணுமா அத்தை என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை. பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு செல்போனைப் பெட்டிக்குள் வைத்துக் கதவை அழுத்திச் சாத்தினேன். அது தானாகப் பூட்டிக்கொண்ட பிறகுதான் சாவியையும் உள்ளேயே வைத்துப் பூட்டிவிட்டது தெரிந்தது.

இருக்கைக்கு வந்து அவருக்குப் போன் போட்டேன். மெஷின் எழுந்துவிட்டது, மறுபடி முயற்சி செய்யுங்கள் என்றேன். கேபிள் உரசுகிற சத்தமும், டக்கென்று பூட்டிக்கொள்கிற சத்தமும் கேட்டன. பிறகு ஒன்றும் இல்லை.

“ஏறலை மேடம். கட்டைவிரலாலதான் அழுத்தினேன். ரெண்டு தடவை. இப்பல்லாம் வீட்டுச் சுவர்லதான் போடறேன், அதுக்கு முன்னாடி ரெண்டு வருஷம் ஸ்டேஷன்ல இந்த வண்டிக்கு நான்தான் சார்ஜ் போட்டுக்கிட்டிருந்தேன், இதோட நெளிவு சுளிவெல்லாம் எனக்கு அத்துப்படி. உங்க மெஷின்லதான் ஏதோ கோளாறு.”

சொல்வதா வேண்டாமா என்று அதுவரைக்கும் ஊசலாடிக்கொண்டிருந்தவள்தான் நான். நான்தான் சார்ஜ் போட்டேன் என்ற வார்த்தை காதில் விழுந்ததும் எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. அத்தை, பை, பொத்தான் எல்லாம் மறந்துபோனது.

“கட்டைவிரலும் இல்லை, ஒண்ணும் இல்லை சார். பிளக்குக்கு அடியில கையைக் கொடுத்துத் தூக்கிப் பிடிங்க.”

“என்னது?”

“தூக்கிப் பிடிங்க. அடாப்டரை. அப்படியே பிடிச்சுக்கிட்டு எந்த விரலால வேணும்னாலும் அழுத்துங்க.”

செல்போனை ஸ்பீக்கரில் போட்டு வண்டியின் கூரை மேல் வைத்தார் போலிருக்கிறது, தகரச் சத்தம் கேட்டது. மூச்சு வாங்குகிற சத்தம். பிறகு மெஷின் உறுமியது. என் திரையில் சிவப்பு மறைந்து பச்சைக் கட்டம் வந்தது. அதற்குள் பன்னிரண்டு என்ற எண் துடித்தது. பதிமூன்றானது.

“ஏறுது” என்றார்.

“விட்டுடாதீங்க. விட்டா நின்னுடும்.”

“எவ்வளவு நேரம் மேடம்?”

“ஏறி முடியற வரைக்கும்.”

விதிப்படி, சார்ஜ் ஏற ஆரம்பித்ததும் நன்றி சொல்லி அழைப்பை முடிக்க வேண்டும். எட்டு நிமிஷத்துக்கு மேல் ஒரு அழைப்பு நீண்டால் மேற்பார்வையாளர் அக்காவின் திரையில் அது மஞ்சளாகும். எல்லா அழைப்பும் பதிவாகும், அக்கா நினைத்தால் எதையும் கேட்கலாம். நான் முடிக்கவில்லை. அவரும் வைக்கவில்லை. பதினெட்டு, பத்தொன்பது. நெடுஞ்சாலையில் லாரிகள் போகிற சத்தம் வந்து வந்து தேய்ந்தது. இருபத்துமூன்றில் அவர் கை மாற்றியிருக்க வேண்டும், எண் ஒரு நொடி மங்கி மறுபடி தெளிந்தது.

“கை கடுக்குது மேடம்.”

“கடுக்கும் சார். முழங்காலை மடக்கி அடியில முட்டுக்கொடுங்க. கொஞ்சம் தாங்கும்.”

அவர் முட்டுக்கொடுத்திருக்க வேண்டும். எண் மங்காமல் ஏறியது.

“என் வீட்டுக்காரி இப்படித்தான் நிப்பா” என்றார். நல்ல குரல் இல்லை அது, வீட்டுக் குரலும் இல்லை. எனக்குத் தெரியாத குரல். “ஒரு காலை மடக்கிக்கிட்டு, வண்டியில சாஞ்சுக்கிட்டு. உள்ளே வந்து உட்காருன்னா வர மாட்டா. என்கூட உட்காரப் பிடிக்காமத்தான் வெளியில நிக்கறான்னு நினைச்சேன்.”

என்னிடம் சொல்கிறாரா, பதினேழிடம் சொல்கிறாரா? பதினேழாக இருந்தால் ‘அப்படியா சார்’ என்று சொல்ல வேண்டும். நானாக இருந்தால் என்ன சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டு வருஷம் என் கையில் இருந்த கனம் இப்போது நெஞ்சில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

“கேட்டீங்களா சார், ஏன் நிக்கறேன்னு? நிக்கறாங்கன்னு?”

“கேட்கலை.”

“அவங்களும் சொல்லலையா?”

“சொல்லலை.”

திரையின் மேற்பக்கத்தில் மேற்பார்வையாளர் அக்காவின் செய்தி வந்தது: ‘பதினேழு, பதினோரு நிமிடம்.’ அதை ஓரமாகத் தள்ளினேன். முப்பத்தாறு, முப்பத்தேழு.

“எண்பது வரைக்கும் பிடிக்கணுமா?” என்று கேட்டார்.

“நீங்க எங்கே போறீங்கங்கறதைப் பொறுத்தது சார்.” என் குரலை ஒரு வழியாகப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்தேன். “இங்கேருந்து ரெண்டு பக்கமும் அறுபது கிலோமீட்டர்ல ஊர். போயிட்டு, யாரையாவது ஏத்திக்கிட்டு, இதே ஸ்டேஷனுக்குத் திரும்பி வரணும்னா எண்பது வேணும்.”

“திரும்ப வரலைன்னா?”

“ஒரு பக்கம் மட்டும்னா நாற்பத்தஞ்சு போதும். முன்னாடி போறதுன்னாலும் சரி, வந்த வழியே போறதுன்னாலும் சரி.”

“சரி” என்றார். எதற்குச் சரி என்று சொல்லவில்லை.

நாற்பது. நாற்பத்தொன்று. எண்பது வரைக்கும் போனால் வருவார், அத்தையை ஏற்றிக்கொண்டு போவார், அவ்வளவுதான். அது எனக்குத் தெளிவாக இருந்தது, அதனால் அதைப் பற்றி நினைக்கவில்லை. நாற்பத்தைந்தில் நிறுத்தினால்தான் குழப்பம். வந்த வழியே போய்விட்டால் அத்தை என்னோடு இருப்பார், அவர் இருக்க மாட்டார். முன்னால் வந்தால், சந்தைப் பக்கத்து ஸ்டேஷனும் இப்போது இல்லை, உடனே திரும்ப முடியாது, தங்கித்தான் ஆக வேண்டும். எதை வேண்டிக்கொள்வது என்று தெரியாமல் எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். நாற்பத்துநாலு. நாற்பத்தைந்து. பிடித்துக்கொண்டேதான் இருந்தார். நாற்பத்தாறு. சரி, எண்பதுதான் போல, அத்தையின் பை இனி கதவருகில் இருக்காது என்று நினைத்தேன். நாற்பத்தேழு.

பச்சைக் கட்டம் அணைந்தது. ‘பிளக் அகற்றப்பட்டது’ என்று வந்தது.

கை தளர்ந்து விட்டுவிட்டாரா, போதும் என்று எடுத்துவிட்டாரா? மறுபடி போடுவார் என்று காத்திருந்தேன். கேபிளைக் கொக்கியில் மாட்டுகிற சத்தம் கேட்டது. டிக்கியில் அடாப்டரைப் போட்டார், தொம்மென்று. செல்போனைக் கூரையிலிருந்து எடுத்து எதன் மேலோ வைத்தார், இருக்கை மேல் இருக்கலாம். கதவைச் சாத்தினார். லாரிச் சத்தமெல்லாம் சட்டென்று அடங்கி, வண்டிக்குள் இருக்கிற அமைதி என் காதுக்குள் வந்தது. சீட் பெல்ட் போடச் சொல்லி வண்டி கத்தியது, பிறகு கத்தவில்லை. என் திரையில் அந்த ஸ்டேஷன் ‘காலி’ என்று மாறியது. அவர் அழைப்பைத் துண்டிக்க மறந்துவிட்டாரா, துண்டிக்க மனசில்லையா?

“என்னம்மா, ரீஸ்டார்ட்ல சரியாயிடுச்சா?” என்றார் அண்ணன். கையைக் காட்டி அவரைப் பேசாமல் இருக்கச் சொன்னேன்.

அந்த ஸ்டேஷனின் வரைபடத்தைப் பெரிதாக்கினேன். வாசலில் வலப்பக்கம் திரும்பினால் எங்கள் ஊர், இடப்பக்கம் திரும்பினால் அவர் வந்த ஊர். சக்கரங்கள் ஜல்லியில் நகர்ந்தன. நின்றன. அவர் இண்டிகேட்டர் போட்டார். டிக், டிக், டிக். எந்தப் பக்கத்துக்குப் போட்டாலும் அந்தச் சத்தம் ஒரே மாதிரிதான் இருக்கும்.

“ஏங்க” என்றேன். பதிவாகிற லைனில், என் சொந்தக் குரலில்.

நெடுஞ்சாலையில் வண்டிகள் விடாமல் போய்க்கொண்டிருந்திருக்க வேண்டும். அவர் இன்னும் திரும்பவில்லை. டிக், டிக், டிக் என்று அது அடித்துக்கொண்டே இருந்தது.